மலையில் வீடு, தூரத்தில் ஆஸ்பத்திரி: இடுக்கி எல்லைத் தமிழர்களுக்கான புற்றுநோய்த் தொடர் சிகிச்சை வழிகாட்டி

வண்டிப்பெரியாறிலோ தேவிகுளத்திலோ ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்தால், முதலில் கேட்கப்படுவது "எந்த ஆஸ்பத்திரி நல்லது?" என்பதுதான். பதில் சொல்ல ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். முதல் தடவை கூட்டிப் போகவும் ஆள் கிடைக்கும். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ, நடுவில் ரத்தப் பரிசோதனை, ஒரு மாதம் கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு, அப்புறம் வருடக்கணக்கில் செக்அப். மூன்றாவது நான்காவது தடவையில் கைக்காசு கரைகிறது, கூட வந்தவருக்கு வேலை போகிறது, மழையில் மலைப்பாதை அடைகிறது. "கட்டிதான் கரைஞ்சிருச்சே, அடுத்த மாசம் போய்க்கலாம்" என்று ஒரு தவணை தள்ளிப்போகும். எங்கள் மலையில் பலருக்கும் வைத்தியம் அறுந்துபோவது இந்த இடத்தில்தான்.

தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி போதாது, இரண்டு வேண்டும். திட்டம் போடவும் பெரிய சிகிச்சைகளைச் செய்யவும் ஒரு பெரிய மையம். நடுவில் வரும் நாட்களைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு டாக்டர். இரண்டையும் இணைப்பது பெரும்பாலும் குடும்பத்தின் வேலையாகவே இருக்கிறது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைக் கீழே படிப்படியாக எழுதுகிறேன். பீர்மேடு, உடும்பன்சோலை, தேவிகுளம் தாலுகாக்களையும் மலைக்குக் கீழே கம்பம், போடி பக்கத்தையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். செங்கோட்டை, குமரி, பந்தலூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஊர்ப்பெயர்கள் மாறும், முறை ஒன்றுதான்.

1. கத்திக்கு முன்னால் பயாப்சி

உள்ளூரில் கட்டியைக் காட்டியதும் "சின்னக் கட்டிதானே, எடுத்துடலாம்" என்று ஒரு பேச்சு வரும். பயாப்சி, அதாவது கொஞ்சம் சதையை எடுத்து லேபில் பார்க்கும் பரிசோதனை, செய்யாமல் கட்டியை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். என்ன நோய், எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரியாமல் அரைகுறையாக எடுத்த கட்டி, பின்னால் பெரிய மையத்தில் பார்ப்பவருக்கு வேலையை இரட்டிப்பாக்கும். சில புற்றுநோய்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே கீமோ கொடுப்பதுதான் முறை. அந்த வாய்ப்பும் கைவிட்டுப் போகும்.

பயாப்சி எடுத்த இடத்தில் ரிப்போர்ட் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். கண்ணாடி ஸ்லைடுகளையும், பிளாக் என்று சொல்லும் மெழுகுக் கட்டியையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். பெரிய மையத்தில் அதே சதையை அவர்கள் லேபில் மறுபடி பார்ப்பார்கள். மார்பகப் புற்றுநோய் என்றால் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 பரிசோதனைகளுக்கும் அந்த பிளாக் வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் திரும்ப ஊருக்கு ஒரு பயணம், இல்லாவிட்டால் உடம்பில் இன்னொரு முறை ஊசி. பிளாக் வெயிலில் உருகும். ஜீப்பின் டாஷ்போர்டில் வைக்காமல் சின்ன டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

2. எல்லைக்கு எந்தப் பக்கம் என்பதை ரேஷன் கார்டு சொல்லும்

குமுளியில் நிற்பவருக்குக் கம்பம் பக்கம், கோட்டயம் தூரம். அதற்காகத் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கிவிடலாம் என்று தோன்றும். பேச்சும் நம் பேச்சு. ஆனால் பல மாதம் ஓடும் வைத்தியத்தில் பணம்தான் பாதையைத் தீர்மானிக்கும், அந்தப் பணம் உங்கள் ரேஷன் கார்டு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் எளிதாகக் கிடைக்கும்.

கேரளக் கார்டு என்றால் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா பத்ததி. தகுதியுள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அதில் பெயர் இல்லாத, வருட வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குக் காருண்யா பெனவலண்ட் ஃபண்ட் இருக்கிறது, 2 லட்சம் வரை. தமிழ்நாட்டுக் கார்டு என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், இதிலும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. அதன் இலவச எண் 1800 425 3993. கேரளப் பக்கத்தில் சந்தேகம் கேட்க 'திசா' எண் 1056.

இரண்டு திட்டங்களும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தவை. அந்த மத்தியப் பட்டியலில் பெயர் உள்ள குடும்பம் வேறு மாநிலத்தின் அங்கீகரித்த ஆஸ்பத்திரியிலும் கார்டைப் பயன்படுத்தலாம். மாநில அரசு தன் செலவில் சேர்த்த குடும்பங்களுக்கு எல்லை தாண்டினால் பொதுவாகச் செல்லாது. உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் என்று 14555-க்குப் பேசியோ, கேரளப் பக்கமானால் அரசின் அக்ஷயா சேவை சென்டரிலோ பார்த்துவிடுங்கள். அட்மிஷன் போட்டபின் கேட்பதில் பயன் இல்லை.

தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. ஓய்வு பெற்றதும் லயத்தை, அதாவது எஸ்டேட் கொடுத்த வீட்டை, ஒப்படைத்துவிட்டு, கீழே தேனி, தென்காசிப் பக்கம் பிள்ளைகளோடு போய்ச் சேருவோம். ரேஷன் கார்டையும் அப்போதுதான் மாற்றுவோம். வைத்தியம் நடந்துகொண்டிருக்கும்போது கார்டை மாற்றினால், ஒரு மாநிலத்தில் பெயர் நீங்கி, இன்னொன்றில் ஏறும்வரை எந்தக் காப்பீடும் இல்லாமல் நிற்க நேரிடும். கீமோவும் கரண்டும் முடியும்வரை கார்டைத் தொட வேண்டாம். மாற்றியே ஆகவேண்டும் என்றால், ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில் சொல்லி, இரண்டு தவணைகளுக்கு நடுவில் செய்யுங்கள். ஆதாரில் ஒரு ஊர், கார்டில் ஒரு ஊர், பேரில் இனிஷியல் முன்னே பின்னே என்று இருந்தாலும் அதை முதல் வாரத்திலேயே சரி செய்துகொள்வது நல்லது.

3. பெரிய மையம்: உங்கள் பாதையில் எது வருகிறது?

மூணாறு, அடிமாலிக்காரர்களுக்கு நேரியமங்கலம், கோதமங்கலம் வழியாக எர்ணாகுளம்தான் இயல்பான இறக்கம். களமசேரியில் கொச்சின் கேன்சர் ரிசர்ச் சென்டர் இருக்கிறது, எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரியிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேட்டுக்காரர்கள் குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாகக் கோட்டயம் காந்திநகர் மெடிக்கல் காலேஜுக்குப் போகலாம். அங்கிருந்து ரயில் ஏறினால் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. (ரீஜனல் கேன்சர் சென்டர்). 1981-இல் தொடங்கிய மையம் அது. குமரி மாவட்டத்து நோயாளிகள் நெடுங்காலமாக அங்கே வந்துபோவதால் தமிழ் அங்கே யாருக்கும் புதிதல்ல.

தமிழ்நாட்டுக் கார்டு வைத்திருப்பவர்கள் முதலில் க.விலக்கில் உள்ள தேனி மெடிக்கல் காலேஜில் காட்டி, அங்கிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கும் அதன் பாலரெங்கபுரம் புற்றுநோய் மையத்துக்கும் எழுதி வாங்கிப் போவது நல்ல வழி. அதையும் தாண்டிப் போகவேண்டிய நோய் என்றால், 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், வேலூர் சி.எம்.சி. போடியிலிருந்து சென்னைக்கு 2023 ஜூனிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் ரயில் ஓடுகிறது. காட்பாடி வழியாகப் போவதால் வேலூருக்கும் அதுவே வசதி.

இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்பகம், கர்ப்பப்பை வாய், வாய், குடல் போன்ற பரவலான புற்றுநோய்களுக்கு முறையான சிகிச்சைத் திட்டம் எல்லா நல்ல மையங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே நீங்கள் பார்க்கவேண்டியது, எல்லாத் தவணைக்கும் உங்களால் போய்வர முடியுமா என்பதை. நல்ல பேர் வாங்கிய தூரத்து ஆஸ்பத்திரியில் பாதி வைத்தியம் செய்வதைவிட, போக முடிந்த இடத்தில் முழு வைத்தியம் மேல். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய், திடீரென்று வரும் ரத்தப் புற்றுநோய், எலும்பிலும் தசையிலும் வரும் அபூர்வக் கட்டி, இவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அனுபவமுள்ள பெரிய மையத்துக்குத்தான் போகவேண்டும். முதல் மாதங்களில் அதன் பக்கத்திலேயே வீடு பிடித்துத் தங்கவும் வேண்டியிருக்கும்.

இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டும் என்று மனம் சொன்னால், அதற்காக மும்பை போகவேண்டியதில்லை. டாடா மெமோரியல் முன்னின்று 2012-இல் உருவாக்கிய நேஷனல் கேன்சர் கிரிட் என்ற புற்றுநோய் ஆஸ்பத்திரிகளின் கூட்டமைப்பு, 'நவ்யா' என்ற இணைய சேவை மூலம் ரிப்போர்ட்களைப் பார்த்து எழுத்தில் கருத்துத் தருகிறது.

4. முதல் தடவையே கேட்கவேண்டியவை

ஓ.பி.யில் கூட்டம் நெரியும், டாக்டருக்கு நேரம் கொஞ்சம். அதனால் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நோயைப் பற்றிய கேள்விகளை நீங்களே கேட்பீர்கள். தூரத்து ஊர்க்காரர் கேட்கவேண்டியவை வேறு சில.

"டாக்டர், நாங்க பீர்மேட்டுல இருந்து வர்றோம், போக ஒரு நாள் வர ஒரு நாள் ஆகுது. இதுல எது எது இங்கதான் செய்யணும், எது எங்க ஊர்ப் பக்கம் செஞ்சுக்கலாம்?" இந்த ஒரு கேள்வியிலிருந்து மற்றதெல்லாம் வரும். ஆபரேஷன், கரண்ட், முதல் கீமோ, சிகிச்சையை மாற்றும் முடிவு, இவை பெரிய மையத்தில்தான். ரத்தப் பரிசோதனை, தையல் பிரிப்பது, டிரெசிங், அணுக்கள் கூட்டும் ஊசி, கீமோ குழாயைக் கழுவுவது, வலி மருந்து, இவற்றைப் பக்கத்திலேயே செய்துகொள்ள முடியும். சில கீமோக்களையும், முதல் ஒன்றிரண்டு தவணை ஒத்துக்கொண்டால், மாவட்ட ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

இரவில் உடம்புக்கு ஏதாவது ஆனால் எந்த எண்ணுக்குப் பேசவேண்டும் என்று கேட்டு, அதை ஃபைல் அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். ஆர்.எம்.ஓ. (ஆஸ்பத்திரியின் நிலைய மருத்துவ அதிகாரி) எண்ணோ வார்டு எண்ணோ, யாராவது எடுக்கிற எண்ணாக இருக்கவேண்டும். பக்கத்து டாக்டருக்கு ஒரு கடிதமும் கேளுங்கள்: என்ன நோய், என்ன மருந்து, எவ்வளவு அளவு, அடுத்த தேதி எது, எதைக் கண்டு பயப்படவேண்டும். இது கிடைக்காமல் மலை ஏறவேண்டாம்.

கேரள ஆஸ்பத்திரிகளில் சம்மதப் படிவம் மலையாளத்தில் இருக்கும். பேச்சுப் புரிந்தாலும் எழுத்துப் புரியாதவர்கள் நம்மில் நிறைய. கையெழுத்துப் போடும் முன் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, தயங்கவேண்டாம்.

5. பக்கத்து டாக்டரைப் பிடிப்பது

எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர், பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலைய) டாக்டர், கட்டப்பனையிலோ கம்பத்திலோ பல வருடமாகப் பார்க்கும் பொது டாக்டர், யாரானாலும் சரி. புற்றுநோய் நிபுணராக இருக்கவேண்டும் என்றில்லை. கூப்பிட்டால் பேசுகிறவராக, தனக்குத் தெரியாததைப் பெரிய மையத்தில் கேட்கத் தயங்காதவராக இருந்தால் போதும். சும்மா இருக்கும் நாளில் கடிதத்தோடு போய் அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு நடு இரவில் போய்க் கதையை முதலிலிருந்து சொல்வது கஷ்டம்.

மாவட்ட அளவில் என்ன இருக்கிறது என்றும் விசாரியுங்கள். 2020 ஊரடங்கில் ஆர்.சி.சி. நோயாளிகள் பயணம் செய்ய முடியாமல் போனபோது, கேரள அரசு மாவட்ட, தாலுகா ஆஸ்பத்திரிகளிலேயே தொடர் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது. தொடுபுழை மாவட்ட ஆஸ்பத்திரியும் அந்தப் பட்டியலில் இருந்தது. நிபுணர் திட்டம் போட, உள்ளூரில் மருந்து ஏற்ற முடியும் என்பதை அந்த நாட்கள் காட்டின. 2025-26 மத்திய பட்ஜெட்டிலும் மூன்று வருடத்துக்குள் எல்லா மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் பகல்நேரப் புற்றுநோய் மையம் அமைப்பதாக அறிவிப்பு வந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு தவணைக்கும் கேளுங்கள்: "அடுத்த டோஸை எங்க மாவட்டத்துலயே போட எழுதித் தர்றீங்களா?"

எஸ்டேட் வேலையில் இருப்பவர்களுக்கு எஸ்டேட் டாக்டர் இன்னொரு வகையிலும் முக்கியம். நோய்க்கால விடுப்புக்கும் படித்தொகைக்கும் அவர் சான்றிதழ் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை ஒவ்வொரு முறையும் அவரிடம் கொடுத்துப் பதிய வையுங்கள். விடுப்புத் தகராறு வந்தால் யூனியன்காரருக்கும் அந்தத் தாள்தான் கையிருப்பு.

6. ஃபைல்

ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று, மழைக்குத் தாங்குவதாக. மேலே ஒரு தாள்: பெயர், ஆஸ்பத்திரி நம்பர், நோயின் பெயர், ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, சர்க்கரை பிரஷர் மாத்திரைகள், இரண்டு டாக்டர்களின் எண். அதற்குக் கீழே பயாப்சி ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ சார்ட். கீமோ சார்ட்டை நிறையப் பேர் கேட்டு வாங்குவதில்லை. எந்தத் தேதியில் எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் என்று அதில்தான் இருக்கும். இடம் மாறினால் புது டாக்டர் முதலில் தேடுவது அதைத்தான். கரண்ட் முடிந்ததும் எந்த இடத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற குறிப்பையும் வாங்குங்கள். ஐந்து வருடம் கழித்துக்கூடத் தேவைப்படும்.

ஸ்கேனுக்கு ஃபிலிம் மட்டும் போதாது, சி.டி.யும் வேண்டும். எல்லாவற்றையும் பகலில் ஜன்னல் பக்கம் வைத்து, நிழல் விழாமல் போட்டோ எடுத்து, வீட்டில் இருவர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அசல் தாளை யாரிடமும் விட்டு வராதீர்கள், நகல் கொடுங்கள்.

7. நடுவில் வரும் நாட்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

கீமோவுக்கு இறங்கும் முன் ரத்தப் பரிசோதனையை ஊரிலேயே செய்யுங்கள், ஒன்றிரண்டு நாள் முன்னால். இது இல்லாமல் இறங்கி, அங்கே போய்ப் பார்த்தால் அணுக்கள் குறைவு, "அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களை எங்கள் பக்கத்தில் நிறையக் காணலாம். வண்டிக்காசும் போய், நோயாளியின் தெம்பும் போய்விடும். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணுக்களையும், அவற்றில் ஒரு வகையான நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம் என்பதையும் பாருங்கள். மொத்தம் 3,200, நியூட்ரோஃபில் 40 சதவீதம் என்றால், 3,200-இல் 40 சதவீதம் 1,280. பல கீமோக்களுக்கு இது 1,500-க்கு மேலும், பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கு மேலும் இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். உங்கள் மருந்துக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுவையுங்கள். குறைந்திருந்தால் பஸ் ஏறும் முன் போன் செய்யுங்கள்.

சில கீமோக்களுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் கூட்டும் ஊசி போடச் சொல்வார்கள். கீமோ முடிந்து ஒரு நாளாவது கழித்தே அதைப் போடவேண்டும். அந்த ஒரு ஊசிக்காக லாட்ஜில் தங்கவேண்டியதில்லை, பி.எச்.சி. நர்ஸ் போட்டுவிடுவார். ஆனால் ஊசி 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்கவேண்டிய மருந்து. மருந்துக்கடையில் ஐஸ் பேக்கோடு தெர்மாகோல் டப்பாவில் கேளுங்கள். ஊசி ஐஸை நேராகத் தொடாமல் நடுவில் துணியோ பேப்பரோ வையுங்கள், உறைந்தால் மருந்து கெட்டுவிடும். வீட்டில் பிரிட்ஜ் இல்லாவிட்டால் எஸ்டேட் ஆஸ்பத்திரி பிரிட்ஜில் கொடுத்து வைக்கலாம்.

இப்போது காய்ச்சல். கீமோ போட்ட ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள்வரை உடம்பின் எதிர்ப்புச் சக்தி மிகவும் கீழே இருக்கும். அப்போது வரும் காய்ச்சலைச் சாதாரண ஜுரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் அது அவசரம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் போதாது, வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கவேண்டும். கசாயம், கோடாலித் தைலம், "விடியட்டும் பாக்கலாம்" எதுவும் வேண்டாம். டாக்டர் சொல்லாமல் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏறவேண்டும் என்பதுதான் மருத்துவ முறை. மலையிலிருந்து பெரிய மையத்துக்கு நாலைந்து மணி நேரம் ஆகும் என்பதால், முதல் ஊசி பக்கத்திலேயே போட்டாக வேண்டும்.

போனில் இப்படிச் சொல்லுங்கள்: "சிஸ்டர், ஏலப்பாறையில இருந்து பேசுறேன். எங்க அம்மா உங்ககிட்ட மார்புக்குக் கீமோ எடுக்கிறாங்க. ஓ.பி. நம்பர் இது. கீமோ போட்டு இன்னைக்குப் பத்தாவது நாள். சாயங்காலம் 101 காய்ச்சல், குளிர் நடுக்கம் இருக்கு. பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறோம். அங்க டாக்டர் உங்க டியூட்டி டாக்டர்கிட்ட பேசணும், யாரைக் கூப்பிடணும்?" எந்த நோய், எத்தனையாவது நாள், எவ்வளவு காய்ச்சல். இந்த மூன்றும் இருந்தால் மறுமுனையில் இருப்பவருக்கு உடனே புரியும். பக்கத்து ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போதே "கீமோ நோயாளி, காய்ச்சல்" என்று சொல்லுங்கள், வரிசையில் உட்காரவேண்டாம். வண்டி இல்லையென்றால் 108.

மூச்சு வாங்குவது, நிற்காத வாந்தி பேதி, ரத்தக் கசிவு, கால் திடீரென்று மரத்து நடக்க முடியாமல் போவது, குழாய் போட்ட கை வீங்கிச் சிவப்பது, இவையும் அன்றே காட்டவேண்டியவை. கையில் பிக் லைன் என்ற நீளமான மருந்துக் குழாய் போட்டிருந்தால் வாரம் ஒரு முறை கழுவி டிரெசிங் மாற்றவேண்டும். நெஞ்சில் தோலுக்கடியில் வைக்கும் கீமோ போர்ட் என்றால் கீமோ இல்லாத காலத்திலும் டாக்டர் சொன்ன இடைவெளியில் கழுவவேண்டும். எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் அதைச் செய்யத் தயங்கினால், பெரிய மையத்தில் செய்யும்போது அனுமதி கேட்டு வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

8. கரண்ட் வைக்கும் வாரங்கள்

கதிர்வீச்சை மட்டும் பக்கத்தில் கொண்டுவர முடியாது. திங்கள் முதல் வெள்ளிவரை தினமும், ஐந்து முதல் ஏழு வாரம் என்பது வழக்கம். மலையிலிருந்து தினமும் போய்வர நினைக்கவே வேண்டாம். தங்குவதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத் தொடங்குங்கள். ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரிடம் கேட்டால் குறைந்த வாடகையிலோ இலவசமாகவோ தங்கும் இடங்களைச் சொல்வார். லாட்ஜ் தேடும் முன் அவரைப் பாருங்கள்.

"நாள் குறைவாக வைக்கும் முறை எனக்குப் பொருந்துமா?" என்றும் கேளுங்கள். மார்பகப் புற்றுநோயில் மூன்று வாரத்தில் முடிக்கும் முறை நிலைபெற்றுவிட்டது, தகுந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவையாகக் கொடுப்பதும் 2020-இல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு பல இடங்களில் நடக்கிறது. தூரத்து நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்லத் தேவையில்லை.

தொடங்கினால் நடுவில் விடக்கூடாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் வெளிக்கதிரும் உள்ளே வைக்கும் கதிரும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடியவேண்டும் என்பது கணக்கு. வாய், தொண்டைக்கும் இடைவெளி விழுந்தால் பலன் குறையும். கோயில் கொடை, கல்யாணம், தேர்தல் ஓட்டு எதுவாக இருந்தாலும் இந்த வாரங்களுக்குப் பிறகுதான்.

9. போக்குவரத்து

புற்றுநோயாளி சிகிச்சைக்கோ செக்அப்புக்கோ போகும்போது ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி. கூடப் போகிறவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம். இதற்கான படிவத்தில் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். முதல் தடவையே வாங்கிவிடுங்கள். பஸ் சலுகையையும் அங்கேயே கேளுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட்வரை தவணை விழுகிறதென்றால் ஒரு நாள் முன்னாலேயே இறங்கிவிடுங்கள். மண் சரிந்து நேரியமங்கலம் பாதையோ குட்டிக்கானம் பாதையோ அடைவது எங்களுக்கு ஒவ்வொரு மழைக்கும் உள்ளதுதான். ஐப்பசி, கார்த்திகையில் போடிமெட்டுப் பாதையையும் அப்படியே கணக்கில் வையுங்கள். மாத்திரை எப்போதும் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

10. மருந்துச் செலவு

காப்பீடு ஆஸ்பத்திரியில் நடக்கும் சிகிச்சைக்குத்தான் பெரும்பாலும் உதவும், வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்குக் கைக்காசுதான். கேரளத்தில் காருண்யா மருந்தகங்களில் விலை அதிகமான புற்றுநோய் மருந்துகளை லாபம் இல்லாமல் விற்கும் கவுண்டர்கள் 2024 முதல் மாவட்டந்தோறும் இருக்கின்றன. மத்திய அரசின் அம்ரித் மருந்தகங்களிலும் தள்ளுபடி உண்டு. தமிழ்நாட்டில் மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகமும் சர்க்கரை, பிரஷர், வாந்தி மாத்திரைகளுக்குக் கைகொடுக்கும். சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் மலிவான கடையில் கிடைக்காது. புற்றுநோயாளிகளுக்கான கேரள அரசின் மாத உதவித்தொகைக்கு வில்லேஜ் ஆபீஸில் கேளுங்கள்.

11. வலிக்கு வைத்தியம் உண்டு

பாலியேட்டிவ் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று நம் ஊரில் பயப்படுகிறார்கள். குணமாகும் நோயாளிக்கும் வலி, வாந்தி, மூச்சுத்திணறல், தூக்கமின்மை உண்டு, அதைக் கவனிப்பதுதான் அந்தப் பிரிவு. 2008-இலேயே இதற்கென ஒரு கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். பஞ்சாயத்துதோறும் வீட்டுக்கு வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் இருக்கிறார். கீமோ தொடங்கும் வாரமே ஆஷா பணியாளரிடமோ பஞ்சாயத்து மெம்பரிடமோ சொல்லிப் பெயரைப் பதியுங்கள். எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கு வருவார்கள். இவர்களில் ஒருவர் பெயரும் எண்ணும் உங்கள் ஃபைல் அட்டையில் இருந்தால், டிரெசிங்குக்கும் குழாய் மாற்றவும் மலை இறங்கவேண்டியது பாதியாகக் குறையும்.

கடுமையான வலிக்கு மார்ஃபின் மாத்திரை நல்ல மருந்து. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் சாப்பிட்டால் அடிமையாகிவிடுவார் என்ற பயம் வேண்டாம். வலி வந்தபின் சாப்பிடாமல், மணிக்கணக்குத் தவறாமல் சாப்பிடவேண்டும். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே வாங்குங்கள். செக்போஸ்ட் தாண்டும்போது சீட்டும் மாத்திரையும் ஒன்றாக இருக்கட்டும்.

12. முடிந்தபின் வரும் வருடங்கள்

கீமோவும் கரண்டும் முடிந்ததும் "சிகிச்சை முடிவுக் குறிப்பு" ஒன்று எழுதி வாங்குங்கள். அதில் அடுத்த ஐந்து வருடத்துக்கு எந்த மாதம் என்ன பரிசோதனை என்று இருக்கவேண்டும். மார்பகத்துக்கு வருடம் ஒரு மேமோகிராம், குடலுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, இப்படி நோய்க்கு நோய் மாறும். இவற்றில் பலவற்றை எர்ணாகுளத்திலோ மதுரையிலோ செய்யவேண்டியதில்லை. ஊர்ப் பக்கம் செய்து, ரிப்போர்ட்டை அனுப்பி, போனிலோ டெலிமெடிசினிலோ பேசிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சர்க்கரை, பிரஷர், சின்னச் சந்தேகங்களுக்கு அரசின் இ-சஞ்சீவனியில் இலவசமாக டாக்டரிடம் பேசலாம். நேரில் காட்டவேண்டிய தவணைகளை மட்டும் பெரிய மையத்தில் வைத்துக்கொண்டால், வருடத்துக்கு ஒன்றிரண்டு பயணத்தில் முடிந்துவிடும்.

ஹார்மோன் மாத்திரை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். உடம்பு நன்றாக இருக்கும்போது தினமும் ஒரு மாத்திரை எதற்கு என்று தோன்றும். சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. மூட்டு வலியோ உடம்புச் சூடோ தாங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை இருக்கிறது.

ஆர்.சி.சி.யிலோ மதுரையிலோ தேதி தவறிவிட்டால் திட்டுவார்களோ என்று பயந்து பிறகு போகாமலே விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் போனாலும் ஃபைலைத் திறந்து பார்ப்பார்கள். முடிவுக் குறிப்பின் நகல் ஒன்றை எஸ்டேட் டாக்டரிடமும், ஒன்றைப் பாலியேட்டிவ் நர்ஸிடமும் கொடுத்து, அடுத்த செக்அப் தேதியை அவர்கள் நோட்டிலும் எழுத வையுங்கள்.